நேத்து என்ன படிச்ச?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெண் போன் செய்தாள். கோயம்புத்தூரில் நான் படித்த அதே படிப்பை எனக்கு எட்டு வருடம் கழித்துப் படித்தவள். கல்யாணமாகி டாலஸ் பக்கம் வந்து, இங்கே விட்டுப்போன பாடங்களை எல்லாம் மறுபடி படித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்துவிட்டு, இப்போது டயட்டீஷியன் தேர்வுக்குத் தயாராகிறாள். "அக்கா, எந்த கைடு நல்லது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இன்னைக்கே வாங்கிடறேன்" என்றாள். நானும் ஒரு பெயரைச் சொன்னேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மொத்தம் நாலு நிமிடம். அன்று ராத்திரி வரைக்கும் எனக்கு மனசு ஒப்பவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன், ஆனால் அவளுக்கு உதவக்கூடிய எதையும் சொல்லவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன கைடை வாங்கி, மூன்று முறை முழுசாகப் படித்துவிட்டுத்தான் 2023-ல் முதல் தடவை தோற்றேன்.

நாமெல்லாம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே பாடப்புத்தகத்தோடு கைடையும் வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி வளர்ந்தவர்கள். கேள்வி அதில் இருக்கும், பதிலும் அதில் இருக்கும், அப்படியே எழுதினால் மார்க் வரும். எனக்கு அது எம்.எஸ்சி. வரைக்கும் கைகொடுத்தது. அதனால் இங்கே வந்தபோதும் கைடு என்றால் தேர்வுக்கு வேண்டிய எல்லாம் அதற்குள் இருக்கிறது, அதை என் தலைக்குள் ஏற்றிக்கொண்டால் போதும் என்றே நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கைவிட எனக்கு ஒரு தோல்வியும், ஒரு அக்கா கேட்ட கேள்வியும் தேவைப்பட்டன.

இந்தத் தேர்வை நடத்துவது சிடிஆர் (கமிஷன் ஆன் டயட்டெட்டிக் ரெஜிஸ்ட்ரேஷன்) என்ற அமெரிக்க அமைப்பு. டெக்சாஸில் உரிமம் வாங்குவதற்கும் பெரும்பாலோர் இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். குறைந்தது 125 கேள்வி, அதிகபட்சம் 145. அதில் 25 கேள்விக்கு மார்க் கிடையாது, பின்னாளில் பயன்படுத்தலாமா என்று பார்க்கச் சேர்த்திருப்பார்கள். எது அந்த 25 என்று நமக்குத் தெரியாது. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அடுத்தது வரும், திரும்பிப் போய் மாற்ற முடியாது. நாம் எப்படிப் பதில் சொல்கிறோமோ அதைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். 1 முதல் 50 வரையிலான அளவில் 25 எடுத்தால் தேர்ச்சி. வெளியே வரும்போதே கையில் தாளைக் கொடுத்துவிடுவார்கள். என் தாளில் 23 என்று இருந்தது. காரில் உட்கார்ந்து அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையில் நாலு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், இங்கே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் இன்டர்ன்ஷிப் செய்தவள், வீட்டில் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

மஞ்சள் கோடுகள்

என்னிடம் இருந்த கைடு எனக்கு முன்னால் இரண்டு பேர் கைமாறி வந்தது. ஒருத்தர் மஞ்சள் ஹைலைட்டரில் கோடு போட்டிருந்தார், இன்னொருத்தர் பச்சையில். நான் பிங்க் வாங்கினேன். சில பக்கங்களில் கோடு போடாத வரியே இல்லாமல் போனது. இரண்டாம் தடவை படிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் பழகின முகம் மாதிரி இருந்தது, மூன்றாம் தடவை அடுத்த வரி என்ன என்பதே நினைவுக்கு வந்தது. அதைத்தான் 'தெரியும்' என்று எடுத்துக்கொண்டேன். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்றைப் பற்றிப் பிறகு படித்தேன். ஒரு கூட்டம் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். என் மூன்று தடவைப் படிப்பும் அந்த ஐந்து நிமிடத்துக்கானதாகத்தான் இருந்திருக்கிறது.

தோற்றால் அடுத்த முறை எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே அதே கைடை முதல் பக்கத்திலிருந்து நாலாவது தடவையாக எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது கை பழகினதைத்தான் செய்கிறது.

டயட் சார்ட்

அந்த வாரக் கடைசியில் ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், இங்கே ஒரு டயாலிசிஸ் சென்டரில் பல வருடமாக டயட்டீஷியன். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். கைடை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சரி, நேத்து காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் என்னென்ன படிச்ச? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

சிறுநீரகம் படித்தேன் என்றேன். "சிறுநீரகத்துல என்ன?" பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் என்றேன். "டயாலிசிஸுக்கு முன்னாடி புரதம் எவ்வளவு, ஆரம்பிச்ச பிறகு எவ்வளவு, ஏன் மாறுது?" முன்னால் குறைவு, பிறகு அதிகம் என்பது வரைக்கும் வந்தது. அந்தப் பக்கத்தில் இடது மூலையில் ஒரு கட்டத்துக்குள் எண்கள் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது, எண் மட்டும் தெரியவில்லை. ஏன் என்பதற்கு வாயே வரவில்லை. டயாலிசிஸில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது அமினோ அமிலங்களும் சேர்ந்து வெளியே போகின்றன, அதை ஈடுகட்டத்தான் அதிகம் கொடுக்கிறோம். இதை இன்டர்ன்ஷிப்பில் நானே ஒரு நோயாளிக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் கைடு படிக்கும்போது அந்த நோயாளி எனக்கு நினைவுக்கு வரவே இல்லை, கட்டம்தான் வந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ உன் பேஷன்ட்கிட்ட சார்ட்டைப் படிச்சீங்களான்னா கேப்ப? நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னுதானே கேப்ப?" என்று மட்டும் சொன்னார்.

அது எனக்குச் சுருக்கென்று பட்டதற்குக் காரணம் இருக்கிறது. மதுரையில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஜெராக்ஸ் எடுத்த டயட் சார்ட் ஒன்றை நாங்கள் எல்லோருக்கும் கொடுப்போம். காலை இட்லி மூன்று, பதினோரு மணிக்கு மோர், மதியம் சாதம் ஒரு கப் என்று போகும் அது. பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தார். கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார், ஒரு வார்த்தை பிசகாது. சர்க்கரை மட்டும் குறையவே இல்லை. ஒருநாள்தான் நிதானமாக உட்கார்ந்து, நேற்று எழுந்ததிலிருந்து வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டேன். கடையில் நின்று குடிக்கும் நாலு டீ, அதோடு வரும் வடை, பேரன் மிச்சம் வைக்கும் பிஸ்கட், ராத்திரி கடை சாத்திவிட்டு வந்து சாப்பிடும் பரோட்டா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சார்ட்டில் ஒரு தப்பும் இல்லை, அவருடைய நாளுக்குள் அது நுழையவே இல்லை, அவ்வளவுதான். அன்று அக்கா முன்னால் நான் அந்தப் பெரியவர் இடத்தில் இருந்தேன்.

எங்கள் தொழிலில் இதற்கு இருபத்துநாலு மணி நேர ரீகால் என்று பெயர். சும்மா ஒரு தடவை கேட்டுவிட்டு விடுவதில்லை. முதலில் நோயாளி தானாகச் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்வோம். பிறகு எல்லோரும் மறக்கிற விஷயங்களை, அதாவது டீ, நொறுக்குத் தீனி, ஊறுகாய், சமைக்கும்போது ருசி பார்த்தது, இவற்றைக் குறிப்பாகக் கேட்போம். அப்புறம் எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த எண்ணெய் என்று விவரத்துக்குப் போவோம். இதை அப்படியே என் படிப்புக்கு வைத்துக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, கைடைத் தொடாமல், ஒரு வெள்ளைத் தாளில் நேற்றுப் படித்ததை எழுதுவேன். வருகிற வரிசையில் வரட்டும். அப்புறம் மறந்திருக்கக்கூடியவை: எண்கள், அலகுகள், விதிவிலக்குகள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏன். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கைடைத் திறந்து சிவப்புப் பேனாவில் திருத்துவேன். முதல் வாரம் தாளில் பாதிக்கு மேல் காலி. அந்தக் காலி இடம்தான் அன்றைக்குப் படிக்க வேண்டிய பாடம். நாலு நாள் கழித்து அதே தலைப்பை இன்னொரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்ப்பேன், பத்து நாள் கழித்து மறுபடி. கைடு அதே கைடுதான், பிறகு ஒரு வரியில்கூட நான் கோடு போடவில்லை.

மாதிரிக் கேள்விகளிலும் இதே மாற்றம் வந்தது. முன்பெல்லாம் கேள்வி போடுவேன், பின்னால் விடையைப் பார்ப்பேன், தப்பென்றால் சரியான விடையை மனதில் பதித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவேன். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தப்பான கேள்விக்குச் சரியான விடையை அதில் எழுதுவதில்லை. நான் ஏன் தப்பானதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை ஒரு வரியில் எழுதுவேன், மற்ற மூன்று விடைகளும் எந்தச் சூழ்நிலையில் சரியாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு வரி. பத்து நாளில் அந்த நோட்டு என்னைப் பற்றி ஒன்றைச் சொன்னது. எனக்குத் தெரியாததால் தப்பானவை நான் நினைத்ததைவிடக் குறைவு. 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்ட இடங்களில்தான் திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறேன். குழாய் வழியாக உணவு போகும் நோயாளிக்கு வயிற்றுப்போக்கு என்றால் உடனே உணவை மாற்று என்று என் கை போகும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அவருக்குப் போகும் மருந்துகளை, சிரப்பாகக் கொடுக்கும் மருந்துகளில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளே பலபேருக்கு வயிற்றைக் கலக்கிவிடும், கிருமித்தொற்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே மதிப்பீடு, பிரச்சினையைக் கண்டறிதல், தலையீடு, கண்காணிப்பு என்று ஒரு வரிசை உண்டு, தேர்வின் பாதி அந்த வரிசையில்தான் நிற்கிறது. மதுரையில் ஒரு நாளைக்கு அறுபது பேர் பார்த்த பழக்கத்தில் நான் நேராக ஆலோசனைக்குப் போய்விடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு இருக்கிறது என்று எந்தக் கைடும் எழுதியிருக்காது.

சாம்பார் அண்டா

தேர்வில் சமையல்கூடப் பகுதியை நான் வெறுத்தேன். நோயாளியைப் பார்க்கத்தானே வந்தோம், இந்த ஃபாரன்ஹீட் எல்லாம் எதற்கு என்று இருக்கும். சமைத்த உணவு 135 டிகிரியிலிருந்து 70-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், 70-லிருந்து 41-க்கு இன்னும் நாலு மணி நேரம். இதை நூறு தடவை படித்திருப்பேன். இரண்டு மணி நேரம் கழித்து சூப் 80-ல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு மாதிரிக் கேள்வி வந்தபோது, மொத்தம் ஆறு மணி நேரம் இருக்கிறதே, ஃப்ரிட்ஜில் வைத்தால் போச்சு என்று போட்டுத் தப்பாக்கினேன்.

அந்தச் சமயம் தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாற்பது பேருக்கு நான் சாம்பார் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ராத்திரியே வைத்துவிட்டேன். இறக்கிய பிறகு தெர்மாமீட்டரை எடுத்து அண்டாவின் நடுவில் விட்டேன். 135 காட்டியபோது மணி பத்து. பாதியை இரண்டு அங்குல ஆழத்துக்கு அகலமான ட்ரேக்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன், மீதியை அண்டாவிலேயே மேடையில் விட்டேன். ட்ரேயில் இருந்தது பதினொன்றரைக்கு 68. நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு அண்டாவில் மேலே ஆடை படர்ந்து, தொட்டால் பாத்திரத்தின் வெளிப்பக்கம் சூடே இல்லாதது போல இருந்தது. நடுவில் விட்ட தெர்மாமீட்டரில் 112. பருப்பு அடியில் கெட்டியாக உட்கார்ந்து சூட்டைப் பிடித்துவைத்திருந்தது. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் (விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வடிவம்) கொதியிலும் சாவதில்லை, அது மிக வேகமாகப் பெருகுவதும் கிட்டத்தட்ட இந்தச் சூட்டில்தான். அதனால்தான் முதல் கட்டத்துக்கு இரண்டே மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தைத் தவறவிட்டால் மீதி நாலு மணி நேரத்தைக் கடன் வாங்க முடியாது, 165-க்கு மறுபடி சுடவைத்து முதலிலிருந்து ஆறவைக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டு, சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவைத்து முடிக்கும்போது மணி இரண்டரை. அதற்குப் பிறகு அந்த எண்கள் எனக்கு மறக்கவே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இப்படி ஒரு அண்டா இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். நரம்பு வழியாக ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை ஒரு கிராமுக்கு 3.4 கலோரி, நாம் சாப்பிடும் மாவுச்சத்துக்கு 4. ஏன் குறைகிறது? அந்த டெக்ஸ்ட்ரோஸோடு ஒரு தண்ணீர் மூலக்கூறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடையில் அதுவும் சேர்கிறது, கலோரியில் சேரவில்லை. ஏழு நாளும் எட்டு மணி நேரம் ஆள் வேண்டிய ஒரு வேலைக்கு 1.4 முழுநேர ஊழியர் என்று கைடு போட்டிருக்கும். வாரம் 56 மணி நேரத்தை ஒரு ஊழியரின் வார வேலை நேரமான 40-ஆல் வகுத்தால் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சமையல் மாஸ்டர் லீவு போட்டால் மாற்றாள் தேடி நான் ஓடிய ஓட்டம்தான் அந்த 0.4. எண் 8 ஸ்கூப் (பரிமாறும் கரண்டி) என்றால் ஒரு குவார்ட்டில் (நாலு கப்) எட்டுக் கரண்டி, அதாவது அரை கப். அதனால் எண் ஏற ஏறக் கரண்டி சின்னதாகும். இப்படிக் காரணம் கிடைத்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பழைய கைடு வாங்குபவர்கள் எந்த வருடத்துப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தால் ஊட்டச்சத்துக் குறைவு என்று இருந்தது, அதற்கு மஞ்சள் கோடும் பச்சைக் கோடும் போட்டிருந்தது. எனக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் ஊரிலும் அப்படித்தான் செய்தோம், ஆல்புமின் குறைந்தால் முட்டை வெள்ளைக்கரு எழுதிக் கொடுப்போம். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கிவிடும். அமெரிக்க டயட்டீஷியன்களின் சங்கமான அகாடமி ஆஃப் நியூட்ரிஷன் அண்ட் டயட்டிக்ஸும், குழாய் வழியும் நரம்பு வழியும் உணவூட்டுவதற்கான ஆஸ்பென் அமைப்பும் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட ஊட்டச்சத்துக் குறைவின் வரையறையில் ஆல்புமினே கிடையாது. சாப்பாட்டு அளவு, எடை இழப்பு, தசை இழப்பு, தோலடிக் கொழுப்பு இழப்பு, உடம்பில் நீர் கோத்தல், கைப்பிடி வலு குறைதல், இந்த ஆறில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நோயாளியின் தோளைத் தொட்டுப் பார்த்து, கையைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இது. கைடைவிட சிடிஆர் வெளியிடும் பாடத்திட்டத்தை முதலில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள் என்று சொல்வதும் இதனால்தான். நான் எழுதியபோது நோயாளி பராமரிப்பு 45 சதவீதம், அடிப்படை அறிவியல் 21, நிர்வாகம் 21, உணவுச் சேவை 13. நிர்வாகத்தையும் உணவுச் சேவையையும் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கைத்தான் நான் முதல் தடவை 'கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்திருந்தேன். பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வரியையும் படித்து, இதை ஒரு ஆளுக்கு என்னால் விளக்க முடியுமா என்று கேட்டு, முடியாத வரிக்கு மட்டும் கைடைத் திறந்தேன். கைடு பாதியாகக் குறைந்தது.

இரண்டாம் தடவை 28. தேர்வில் என்ன கேட்டார்கள் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள், வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். கேள்விகள் முதல் தடவையைவிட எளிதாக இருந்ததா என்றால் இல்லை, அதே அளவு கஷ்டமாகத்தான் இருந்தது. நாலு விடையும் சரி போலத் தெரியும்போது முன்பு கைடின் எந்தப் பக்கம் என்று தேடினேன், இந்த முறை அந்த நோயாளியின் பக்கத்தில் போய் நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஞாயிறு ராத்திரியே திரும்பப் போன் செய்தேன். கைடு ஆர்டர் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நல்லது என்றேன். "நேத்து என்ன படிச்சம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி எனக்கு நன்றாகப் பழக்கம். அப்புறம் பெரியவரின் சட்டைப் பை, ரீகால், வெள்ளைத் தாள் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவள் வீட்டுக்காரர் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படம் வருகிறது. முதல் நாள் தாளில் ஏழு வரி இருந்தது. நேற்று வந்ததில் பின்பக்கம் பார்க்கவும் என்று அம்புக்குறி போட்டிருந்தாள். ஆறவைக்கும் சூட்டை எழுதிய இடத்தில் 135-க்குப் பதில் 145 என்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, கைடைத் திறக்கும்போது அவளே பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் இன்னொரு படம் அனுப்பினாள். அவள் வீட்டு அடுப்பு, அதன்மேல் ஒரு பெரிய ரசப் பாத்திரம், அதற்குள் புதிதாக வாங்கிய தெர்மாமீட்டர்.